மேடைக்கல்: நாமே பதிப்பதா, ஆள் வைத்துப் பதிப்பதா?

அம்மா ஒவ்வோர் இரவும் அடுப்படி மேடையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். போன ஆண்டு ஒரு நாள், துடைத்த ஈரம் மேடை முழுவதும் காய்ந்த பிறகும் சிங்க்கின் வலது முன் மூலையில் மட்டும் ஒரு கோடு காயாமல் நின்றது. தலைமுடி கனம்தான் இருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்பட்டது. மூலையில் தொடங்கி, முன் விளிம்பை நோக்கிச் சாய்வாக மூன்று அங்குலம் ஓடி, விளிம்பை உருட்டிய மோல்டிங் வளைவில் இறங்கி அடிப்பக்கம் வரை போயிருந்தது. கல் வெடித்துவிட்டது.

பதித்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. தொழில்காரர்கள்தான் வந்து பதித்தார்கள். கேட்ட கூலியில் ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தோம். போன் செய்தபோது, "கனமான பாத்திரத்தைப் போட்டிருப்பீர்கள்" என்றார்கள். அம்மா எதையும் போடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பாத்திரம் விழுந்து உடைந்தால், விழுந்த இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கும்; விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இது சிங்க்குக்கு அறுத்த துளையின் மூலையிலிருந்து கிளம்பிய விரிசல். அந்த மூலையை அறுத்த கையில்தான் கோளாறு.

செய்தி கேட்டு வந்த மச்சான் குனிந்து பார்த்தார். "மாப்பிள்ளை, இதற்குப் போய் ஆளைத் தேடுவானேன்? இந்தத் தடவை நாமே போட்டுவிடலாம்" என்றார். வாய்ப்பேச்சு இல்லை. புதுவயலில் அவர் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேடைக்கல்லை அவரே பதித்திருக்கிறார். நான்கு ஆண்டாகியும் அசையாமல் இருக்கிறது. கூலி கொடுத்த மேடை வெடித்தது, சொந்தக் கையால் போட்ட மேடை நிற்கிறது என்றால் யாருக்கும் ஒரு முடிவு தோன்றத்தான் செய்யும். நானும் இரண்டு நாள் அந்த முடிவில்தான் இருந்தேன்.

பிறகு இரண்டு மேடைகளையும் அளந்து, பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அவருடையது ஆறடி நீளம், நேராக ஒரே பலகை, ஒரு துளைகூடக் கிடையாது. விளிம்பு மோல்டிங் கடையிலேயே செய்து வந்தது. சுவர் புதிதாகக் கட்டிய சிமெண்ட் சுவர். எங்களுடையது கோட்டையூரில் பழைய வீடு. ஒரு பக்கம் பதினோரு அடி, மறுபக்கம் ஐந்தடி, எல் வடிவம். சிங்க்குக்கு ஒரு பெரிய துளை, குழாய்க்கு ஒன்று, கேஸ் டியூப்புக்கு ஒன்று. இரண்டு பலகை சேரும் இணைப்பு வேறு. இரண்டுக்கும் மேடை என்றுதான் பெயர், ஆனால் வேலை வேறு. நாமே செய்வதா ஆளை விடுவதா என்ற கேள்விக்கு நம் கைத்திறமையைப் பார்த்துப் பதில் தேடுகிறோம். முதலில் மேடையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

கனமும் வழியும்

மேடைக்கு வழக்கமாக வாங்கும் 18 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோ. கடைகளில் கருப்பு கிரானைட் என்று விற்கும் கல் மண்ணியல் கணக்கில் கிரானைட்டே கிடையாது. பெரும்பாலும் டோலரைட், கேப்ரோ வகை. அது இன்னும் அடர்த்தியானது, சதுர அடிக்கு ஐந்து கிலோ வரும். பத்தடி நீளம், இரண்டடி அகலப் பலகை என்றால் நூறு கிலோ.

நூறு கிலோவை நான்கு பேர் தூக்கலாம். ஆனால் கல்லைப் படுக்கையாகத் தூக்கவே கூடாது. நடுவில் தாங்கல் இல்லாமல் இரு முனையைப் பிடித்தால் தன் கனத்திலேயே முறிந்துவிடும். கதவைத் தூக்குவது போலச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பைத் தாங்கித்தான் நடக்க வேண்டும். துளை போட்ட பலகை என்றால் இரட்டைக் கவனம் வேண்டும். துளையின் இரு பக்கமும் மிஞ்சியிருக்கும் ஒடுக்கமான பட்டை, தூக்கும்போதுதான் பெரும்பாலும் உடைகிறது. துளை மேல் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை இறுகக் கட்டிக்கொண்டு தூக்குவார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பையும் இங்கே சொல்ல வேண்டும். முகப்பு, வளவு என்கிற முற்றக் கூடம், இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. ஒவ்வொரு நிலையிலும் வாசற்படி உயர்ந்து நிற்கும். முன்வாசல் வழியாகக் கொண்டுபோனால் கல்லை நாலைந்து முறை ஏற்றி இறக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. வண்டியைப் பின் தெருவுக்கு வரச்சொன்னால் அடுப்படி பத்தடியில் இருக்கும். முதல் முறை பதிக்க வந்தவர்கள் முன்வாசலில் இறக்கி வளவு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கல் இரண்டு ஓரத்தில் உடைந்தது. அந்தப் பூவேலை இன்று அதே நிறத்தில் கிடைக்கவில்லை.

நேரான ஐந்து, ஆறு அடிப் பலகை என்றால் ஐம்பது, அறுபது கிலோதான். உறவில் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் பதற்றமில்லாமல் வைத்துவிடலாம். அதைத் தாண்டினால், தூக்கிப் பழகிய ஆட்களுக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

சுண்ணாம்புச் சுவர்

புது வீட்டுக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பழைய வீட்டில் இருப்பவர்கள் நின்று படியுங்கள். இணையத்தில் வரும் செய்முறைப் படங்கள் எதுவும் நம் சுவரை மனத்தில் வைத்து எடுத்தவை கிடையாது.

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் தடிமனாக இருக்கும், ஆனால் உள்ளே மெத்தென்று இருக்கும். அதில் துளை போட்டு போல்ட் இறுக்கி, இரும்புத் தாங்கியை மாட்டி, அதன் மேல் கல்லை ஏற்றும் முறை வேண்டவே வேண்டாம். போல்ட் விரியும்போது சுற்றியிருக்கும் சாந்து பொடிந்து உதிரும். அன்று பிடித்தது போலத் தோன்றும், ஆறு மாதத்தில் தளரும். சுவரில் காடி எடுத்து, கல்லின் பின் விளிம்பைச் செருகிச் சிமெண்ட் வைத்து அடைப்பதும் ஆபத்துதான். சிமெண்ட் இறுகிய சுவர் மூச்சு விடாது. ஈரம் உள்ளே தங்கி, மேடைக்கு மேலே சுண்ணாம்புப் பூச்சு உப்புப் பூத்து உதிரத் தொடங்கும்.

பழைய வீட்டில் கனம் முழுவதும் தரையில்தான் இறங்க வேண்டும். கடப்பா கல்லை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, இரண்டடிக்கு ஒரு கால் கொடுத்து, அவற்றின் மேல் கல்லை உட்கார வைப்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம். சிங்க்குக்கு இரு பக்கமும் நெருக்கி ஒரு கால் இருந்தாக வேண்டும். எங்கள் மேடையில் அது இல்லை. துளைக்கு வலப்பக்கம் அடுத்த கால் இரண்டே கால் அடி தள்ளி இருந்தது. சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சிலிக்கான் வைத்து மூடினால் போதும்.

அளவெடுப்பதிலும் பழைய வீடு ஏமாற்றும். மூலை மூலைமட்டத்துக்கு வராது. மூலையிலிருந்து ஒரு சுவரில் மூன்றடி, மறு சுவரில் நான்கடி குறித்துக்கொண்டு, குறுக்கே அளந்து பாருங்கள். சரியாக ஐந்தடி வந்தால்தான் மூலை நேர். எங்கள் வீட்டில் முக்கால் அங்குலம் கூடுதலாக வந்தது. சுவரும் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. டேப்பை வைத்து நீளம் அகலம் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் கல் உள்ளே போயிருக்காது, போனாலும் ஒரு முனையில் விரல் நுழையும் சந்து நின்றிருக்கும். அட்டையில் சுவரின் வளைவோடு ஒட்டி வெட்டி, அந்த அட்டையையே பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் தப்பாத வழி.

தரை வேறு. பழைய அடுப்படித் தரை கழுவிவிடுவதற்கு வசதியாக முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். எல்லாக் கால்களையும் ஒரே உயரத்தில் வெட்டினால் மேடையும் சேர்ந்து சரியும். தண்ணீர் நிரப்பிய டியூப்பை வைத்துச் சுவரில் மட்டம் குறித்து, அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்து ஒவ்வொரு காலையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். எங்கள் வீட்டில் முதல் காலுக்கும் கடைசிக் காலுக்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம்.

அறுப்பு

முடிவைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். மற்ற எல்லாவற்றையும் பொறுமை இருந்தால் கற்றுக்கொள்ளலாம். அறுப்பை ஒரு மேடைக்காகக் கற்றுக்கொள்ள முடியாது.

சிங்க்குக்குத் துளை போடும்போது நான்கு பக்கமும் கட்டிங் மெஷினால் நேர்கோடாக அறுத்து, நடுத்துண்டைத் தட்டி எடுத்துவிடுவது சுலபம். ஆனால் பிளேடு வட்டமானது. மேல்பக்கம் மூலையைத் தொடும்போது அடிப்பக்கம் இன்னும் அறுபட்டிருக்காது. அடியும் விட வேண்டும் என்று பிளேடை மூலை தாண்டி இழுத்துவிடுவார்கள். அப்படித் தாண்டிய அரை அங்குல வெட்டுதான் விரிசலுக்கு வித்து. எங்கள் மேடையின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, இரண்டு வெட்டும் ஒன்றையொன்று தாண்டிப் பெருக்கல் குறி போல நின்றன. விரிசல் அந்தக் குறியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டே போயிருந்தது.

முறையாகச் செய்பவர் முதலில் நான்கு மூலையிலும் வட்டத் துளை போடுவார். பிறகு ஒரு துளையிலிருந்து அடுத்த துளை வரை அறுப்பார். மூலை உருண்டையாக இருந்தால் கல்லின் மேல் வரும் இழுவை ஒரே புள்ளியில் குவியாமல் பரவிவிடும். இரண்டடி அகல மேடையில் 18 அங்குலத் துளை போட்டால் முன்னும் பின்னும் சேர்த்து மிஞ்சுவது ஆறே அங்குலம். முன்பக்கம் மூன்றங்குலப் பட்டை. குழம்புச் சட்டி கழுவ நிற்கும்போது நாம் வயிற்றைச் சாய்த்து நிற்பது அந்தப் பட்டையின் மேல்தான். அங்கே ஒரு கூரான மூலை இருந்தால் என்னவாகும் என்று அம்மாவின் மேடை காட்டிவிட்டது.

விளிம்பு மெருகு இன்னொரு சோதனை. அறுத்த கல்லின் ஓரம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். 50-ஆம் எண் மெருகுப் பேடில் தொடங்கி 100, 200, 400, 800, 1500, 3000 என்று ஒவ்வொன்றாக ஏறினால்தான் மேற்பரப்பின் கருமை விளிம்பிலும் வரும். நடுவில் ஒன்றைத் தாண்டினாலும், முந்தைய பேடின் கோடுகள் வெயிலில் தெரியும். மச்சான் தன் வீட்டு மிச்சத் துண்டு ஒன்றில் முயன்று பார்த்து என்னிடம் காட்டினார். இரண்டு மணி நேர உழைப்பு. விளிம்பு மங்கலாகத்தான் இருந்தது. அவரே பட்டறையில் செய்த விளிம்பின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "மோல்டிங்கைக் கடையில்தான் விட வேண்டும்" என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்தது தூசு. இதில் நான் யாரோடும் சமாதானம் செய்துகொள்ள மாட்டேன். கல்லை உலர்வாக அறுக்கும்போது எழும் புகை போன்ற தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்கள்தான் நுரையீரலின் அடிவரை போகும். தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் வரும். வந்தால் குணமாக்க மருந்து கிடையாது. கருப்புக் கல்லில் குவார்ட்ஸ் என்கிற சிலிக்கா குறைவு, நிறக் கிரானைட்டில் நிறைய இருக்கிறது. இப்போது விளம்பரங்களில் வரும் செயற்கை குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருப்பது சாதாரணம். அதை அறுத்த தொழிலாளர்கள் இளம் வயதிலேயே நோயில் விழுந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடைசெய்தது.

ஆளை வைத்துவிட்டால் இந்தக் கவலை தீர்ந்துவிடுவதாக நினைக்கக் கூடாது. நம் மூச்சில் போகாத தூசு அவர் மூச்சில் போகும். நம் வீட்டில் ஒரு நாள் அறுக்கிறவர், நாளை இன்னொரு வீட்டில், நாளை மறுநாள் மற்றொரு வீட்டில் அறுப்பார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உலர்வாக அறுக்கிறவரைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பெரிய அறுப்பு எல்லாம் பட்டறையில், தண்ணீர் ஓட ஓடப் பெரிய மெஷினில் நடக்கட்டும். வீட்டில் சிறு திருத்தம் தேவைப்பட்டால் வெட்டவெளியில், தண்ணீர் விட்டு, என்95 முகக்கவசத்தோடு செய்யட்டும். கவசத்தை நாமே வாங்கிக் கொடுத்தாலும் பெரிய செலவில்லை.

தண்ணீர் விட்டுக் கைமெஷினில் அறுப்பதில் மின்சார ஆபத்து இருக்கிறது. பழைய வீட்டு வயரிங்கில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அந்த வேலையை வீட்டுக்குள் யாருமே செய்யக் கூடாது. அறுத்த சேற்றை ஆத்தங்குடித் தரையில் காயவிடவும் கூடாது. அந்தக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சிமெண்ட் கல். சேற்றை உடனே கழுவாவிட்டால் துளைகளில் புகுந்து வெளுத்துப்போகும். கறையை எடுக்கிறேன் என்று யாராவது ஆசிட் ஊற்றினால் தரை போயே போய்விடும்.

நம் கைக்கு வருபவை

அறுப்பை விட்டுவிட்டால், மற்ற வேலைகளில் வீட்டுக்காரர் கை பல இடங்களில் தொழில்காரர் கையைவிட மேல். அவருக்கு ஒரு நாளில் முடிய வேண்டும், நமக்கு இருபது ஆண்டு நிற்க வேண்டும்.

உயரத்தை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லா வீட்டுக்கும் 33 அங்குலம் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சமைக்கிறவரை நிற்கச் சொல்லி முழங்கையை மடக்கி, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை வர வேண்டும். அடுப்பு வைக்கும் பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தாலும் நல்லது. அடுப்பே நாலங்குலம் உயரும், அதன் மேல் பெரிய சட்டி ஏறும். என் அப்பத்தா தரையில் அமர்ந்து சமைத்தவர். அம்மா முதல் மேடையில் தோளைத் தூக்கிக்கொண்டுதான் கரண்டி பிடித்தார். அவருக்கு வேண்டியது 31 அங்குலம். யாரும் அவரைக் கேட்கவில்லை, நானும் சேர்த்துத்தான்.

கல் தேர்வும் நம்முடையது. புளி, எலுமிச்சை, மஞ்சள், நல்லெண்ணெய் நான்கும் தினம் சிந்துகிற அடுப்படியில் மார்பிள் வேண்டாம். புளிப்பு பட்ட இடம் மெருகு போய்த் திட்டாகிவிடும். கடப்பா கல்லும் சுண்ணாம்பு இனம்தான், காலாக நிற்கட்டும். செயற்கை குவார்ட்ஸில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியை நேராக வைக்கக் கூடாது. நம் சமையலுக்கு அது ஒத்துவராது. வெளிர் நிறக் கிரானைட் அழகுதான். மேலூர்ப் பக்கத்துக் காஷ்மீர் ஒயிட் பார்க்கப் பார்க்கக் குளிர்ச்சி. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள், அந்த இடம் கருத்தால் எண்ணெயும் அப்படியே இறங்கும். கறை இறங்காமல் தடுக்கும் சீலர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருப்பு வாங்கினால் வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கருத்தால் சாயம் ஏற்றிய கல்.

கால்களை நிறுத்துவது, மட்டம் பார்ப்பது, அட்டை வெட்டுவது, சிலிக்கான் வைப்பது, வெளிர் கல்லுக்குச் சீலர் அடிப்பது எல்லாம் இரண்டு சனி, ஞாயிறில் முடிகிற வேலைகள். சிலிக்கான் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வினிகர் போலப் புளிப்பு வாடை அடிக்கிற மலிவு வகை சுண்ணாம்புக் கல்லையும் மார்பிளையும் அரிக்கும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். வைத்தபின் ஒரு முழு நாள் தண்ணீர் படக்கூடாது.

செலவு

இரண்டு வழியிலும் பாதிக்கு மேல் செலவு ஒன்றுதான். கல், மோல்டிங், வண்டி, ஏற்றுக்கூலி எதுவும் மாறாது. வாங்கும் பலகையின் முழு அளவுக்குப் பணம், வெட்டிக் கழிகிற துண்டுக்கும் சேர்த்து. இரண்டடி சொச்சம் அகலத்தில் வரும் கட்டர் ஸ்லாப் எடுத்தால் கழிவு குறையும். அகலமான கேங்சா பலகையில் பாதி வீணாகப் போகலாம்.

எங்கள் பக்கம் கொத்தனார் நாள் கூலி ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. எல் வடிவ மேடைக்கு அவரும் உதவியாளும் இரண்டு நாள். நாமே செய்தால் மிஞ்சுவது அந்த இரண்டு நாள் கூலிதான். அதற்கு எதிரே கட்டிங் மெஷின், டைமண்ட் பிளேடு, ஏழு பேடு, துளைக்கான பிட் எல்லாம் வாங்க வேண்டும். பலகை ஒன்று உடைந்தால் கல் விலையும் வண்டி வாடகையும் மறுபடி. துளையுள்ள மேடையில் மிச்சம் பிடிக்க ஏதுமில்லை. துளையில்லாத நேர் மேடையில் அறுப்பே இல்லாததால் கருவிச் செலவும் இல்லை, கூலி முழுவதும் மிஞ்சும்.

ஆளை வைத்தால்

எங்களுக்கு நேர்ந்ததை வைத்துச் சொல்கிறேன். கூலி பேசுவதற்கு முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள். சிங்க் துளைக்கு மூலையில் முதலில் வட்டத் துளை போடுவீர்களா? இணைப்பு எங்கே வரும்? முதல் கேள்விக்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டாவதற்குச் சரியான பதில், சிங்க்கிலிருந்து தள்ளி ஒரு காலின் நேர் மேலே. அறுப்பது, பதிப்பது, துளை போடுவது, ஏற்றி இறக்குவது எதெது கூலியில் அடங்கும் என்று தாளில் எழுதி வாங்குங்கள். மோல்டிங் அடிக்கணக்கு, துளை எண்ணிக்கைக் கணக்கு. பேசாமல் விட்டால் கடைசி நாளில் கூடும்.

பதிக்கும் நாளில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். கல்லை இறக்கியதும் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். முன்பக்கம் சற்றே உயர்ந்து தண்ணீர் சுவரை நோக்கி ஓடுகிறதா என்று ஒரு குவளை ஊற்றிப் பாருங்கள். ஓடினால் சுவரடியில் ஈரம் தங்கும். கல்லை விரல் முட்டியால் தட்டுங்கள். அடியில் சிமெண்ட் கலவை நிறைந்த இடம் திண்ணென்று ஒலிக்கும், காலியாக இருந்தால் ஓசை மாறும். கலவை ஈரமாக இருக்கும்போதே சொன்னால் அவர் திருத்துவார். மறுநாள் சொன்னால் இடிக்க வேண்டும்.

எங்கள் மேடையை இந்தக் கணக்குப்படி பங்கு பிரித்தோம். முழுவதையும் பெயர்க்கவில்லை. கால்களோடு எல்லாப் பலகையையும் தூக்கி, கால்களை மச்சானும் நானும் இரண்டங்குலம் குறைத்து, சிங்க்கின் இரு பக்கமும் புதிதாக ஒவ்வொரு கால் நிறுத்தினோம். வெடித்த பகுதிக்கு மட்டும் ஐந்தடியில் புதுத் துண்டு. அட்டை நாங்கள் வெட்டியது; அறுப்பும் துளையும் மோல்டிங்கும் காரைக்குடிப் பட்டறையில். கருப்புக் கல்லாக இருந்ததால் பழையதற்கும் புதியதற்கும் நிற வித்தியாசம் கண்ணை உறுத்தவில்லை. நிறக் கல்லாக இருந்தால் இந்த ஒட்டு வேலை நடந்திருக்காது. பதிக்க ஒரு கல் வேலைக்காரரையும் அவர் தம்பியையும் கூப்பிட்டோம். நிலை எதுவும் தாண்டாமல் பின் தெரு வழியாகக் கல் வந்தது. அவர் மூலைத் துளைகளைத் தடவிப் பார்த்து, அடியில் இருந்த பிசிறைக்கூடத் தேய்த்துவிட்டுத்தான் ஏற்றினார். அரை நாளில் முடிந்தது.

அடுத்த மாதம் தேவகோட்டையில் சின்னத்தை வீட்டுக்கு ஒரு மேடை. ஐந்தடி, நேர் பலகை, மாவு அரைக்கும் கிரைண்டர் வைக்க. துளை இல்லை, இணைப்பு இல்லை, புதுச் சுவர். அதற்கு ஆள் யாரையும் கூப்பிடவில்லை. மோல்டிங் போட்ட கல்லைக் கடையில் சொல்லியாயிற்று, அட்டை மச்சான் வண்டியில் இருக்கிறது.